கிணற்றோடு பேசிய அம்மா

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் நான் துப்புரவு வேலை செய்யும் கம்பெனியில் அன்று மோட்டார் ஓடவில்லை. சம்ப் தொட்டியின் மூடியைத் திறந்து கயிற்றில் வாளியை இறக்கினேன். இருட்டுக்குள் வாளி தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டதும் கயிற்றை இழுக்காமல் நின்றுவிட்டேன்.

எங்கள் வயல் கிணற்றிலும் இப்படித்தான் கேட்கும். நான் சிறுவனாக இருந்தபோது, தூர் எடுக்க இறங்கிய அப்பா அதில் செத்துப்போனார். எங்களுக்கு வேறு கிணறு இல்லை. காரியம் முடிந்த மறுநாளே அம்மா குடத்தோடு போனாள். உள்ளே குனிந்து, "இந்தாய்யா, கொஞ்சம் தள்ளிக்கோ, கொடம் வுடறேன்" என்றாள். குரல் கிணற்றுக்குள் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது.

தினமும் அப்படித்தான் சொல்வாள். அந்தத் தண்ணீரில் ஆக்கிய சோறு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. மெலிந்துகொண்டே போனேன்.

பக்கத்து வயல் பெரியம்மா, "இன்னாடி, பைத்தியம் புடிச்சிக்கிச்சா?" என்று கேட்டாள்.

"பேசாம எறச்சாத்தான் பயமா கீதுக்கா."

"அப்பா பதில் சொல்லுமாம்மா?" என்றேன் நான்.

"இருந்தப்போ மட்டும் இன்னாத்த சொல்லிச்சி?"

ஒரு நாள் உச்சிவெயிலில் இலைகூட அசையவில்லை. அம்மா வாய் திறக்கும் முன்பே கீழே தண்ணீர் வட்டம் வட்டமாக அலைந்துகொண்டிருந்தது. அம்மா கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

"சரி, நீ குளிச்சி முடி. நாங்க குந்தினு கீறோம்" என்று சொல்லிவிட்டு, என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். என் தோளை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பேசினாலும் அவளுக்குப் பயம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

தண்ணீர் அடங்கியதும் எழுந்து குடத்தை இறக்கினாள்.

அன்று ஆக்கிய சோற்றை நான் மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.