அம்மா கொண்டு வந்த தாள்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பிளஸ் டூ இயற்பியல் பரீட்சைக்காக, சூத்திரங்களைப் பொடி எழுத்தில் ஒரு தாளில் பிட் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். காலை அவசரத்தில் வேறு சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

குருசுக்குப்பத்தில் மீன் விற்கும் என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சட்டையைத் துவைக்க எடுத்தவள், அந்தத் தாளை ஏதோ முக்கியமான பாடம் என்று நினைத்து ஓடி வந்தாள். பள்ளி வாசலில் எங்களைச் சோதித்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்த ஆசிரியரிடம் நீட்டினாள்.

"சார், எம்புள்ள இத மறந்துட்டு வந்துட்டான். ராவும் பகலும் உக்காந்து எழுதனது. கொஞ்சம் குடுத்துடுங்க."

"உங்கம்மாவே டெலிவரி பண்றாங்கடா" என்று பின்னால் நின்றவன் சிரித்தான்.

ஆசிரியர் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "குடுத்துடுறேம்மா, நீங்க போங்க" என்று அதைத் தன் பையில் வைத்துக்கொண்டார். என்னைப் பரீட்சை எழுத உள்ளே அனுப்பினார்.

அந்தப் பரீட்சையில் பெயிலானேன். ரிசல்ட் வந்த அன்று பக்கத்து வீட்டு அக்கா என்னைத் திட்ட, அம்மா குறுக்கே வந்தாள்.

"அவன ஒன்னும் சொல்லாத. நான்தான் அந்தப் பேப்பர லேட்டா எடுத்துனு போனேன். முன்னாடியே போயிருந்தா ஒரு தபா படிச்சுப் பாத்திருப்பான்."

நான் அங்கேயேதான் நின்றிருந்தேன்.

பிறகு மறுதேர்வில் தேறிவிட்டேன். இப்போது தட்டாஞ்சாவடியில் வேலை பார்க்கிறேன். எல்லோரும் எழுதுகிறார்கள் என்பதால், பிட் எழுதியது அந்த வயதில் எனக்குத் தப்பாகவே தெரியவில்லை. அன்று அம்மா தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டபோது, அது எனக்கு வசதியாக இருந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. இன்றுவரை அவளிடம் உண்மையைச் சொல்லவும் இல்லை.