பந்துக்குப் போட்ட ஒட்டு

கள்ளக்குறிச்சியில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். கரும்பு வெட்டப் போன இடத்தில் வரப்பில் விழுந்து, என் மனைவி சாந்திக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இடுப்புக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் அம்மா, பெரிய காற்றுப் பந்தில் தினமும் உட்காரச் சொன்னார். இரண்டு மாதத்தில் சாந்தி குனிந்து வாசல் பெருக்கினாள்.

ஒரு நாள் தரையில் கிடந்த ஆணி குத்திப் பந்தில் காற்று இறங்கிவிட்டது. ஓட்டை விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று அந்த அம்மா முன்பே சொல்லியிருந்தார். எனக்கு மனசு வரவில்லை. கடைக்குக் கொண்டுபோய், டியூபுக்குச் செய்வது போலவே தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுப் போட்டேன். கம்ப்ரசரில் டயர் மாதிரி கல்லாகும்வரை காற்று பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"இன்னாங்க, ஒட்டு தாங்குமா?" என்றாள்.

"நான் போட்ட ஒட்டுல லாரியே ஓடுது. நீ இன்னா லாரிய விட வெயிட்டா?"

"வாய்க்கு ஒண்ணும் கம்மி இல்ல" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

பந்து வெடித்தது. சிமெண்டுத் தரையில் இடுப்பு அடிபட விழுந்தாள். எலும்பில் விரிசல். மூன்று மாதம் படுக்கை.

டியூபைத் தாங்க வெளியே டயர் இருக்கிறது. பந்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. இருபது வருடம் இந்த வேலை செய்த எனக்கு அது தோன்றவில்லை.

இப்போது புதுப் பந்து இருக்கிறது. கைப்பம்பில்தான் காற்றடிக்கிறேன். அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போகிற மாதிரி நிறுத்திவிடுகிறேன். தரையைக் கூட்டிவிட்டு, நானே உட்கார்ந்து பார்க்கிறேன். ஓட்டை விழுந்தால் கிழித்துப் போடுவேன், ஒட்ட மாட்டேன்.

சாந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். பந்தில் இன்னும் உட்காரவில்லை. நானும் உட்காரச் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை காற்று மட்டும் பார்த்து வைக்கிறேன்.