சிவப்பு அட்டையோடு சபாவுக்கு

மலேசியாவில், கிள்ளானை அடுத்த மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வெரோனிகா அக்காவும் நானும் பதினோரு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கையுறையில் காற்றடைத்து, விளக்கருகே பிடித்து, ஓட்டை பார்ப்பது வேலை. ஊசிமுனை ஓட்டையும் அக்காவுக்குத் தப்பாது.

அக்கா டெங்கில் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பிறப்பை அவருடைய அப்பா பதியவில்லை. பல வருடம் கழித்து, நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டைதான் கிடைத்தது. குடியுரிமைக்கு நான்கு முறை மனுப் போட்டும் பதில் இல்லை. தேர்தலுக்கு மறுநாள் நாங்கள் விரலில் மையோடு வருவோம். அக்கா அன்று முழுக்கக் கையுறையைக் கழற்ற மாட்டார்.

இறந்துபோன கணவருக்குக் குடிமக்களுக்கான நீல அட்டை. அதனால் மகள் கிறிஸ்டினுக்கும் நீலம். அவள் கடல் தாண்டி, சபா மாநிலத்துக் கோத்தா கினபாலுவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கடலைப் பற்றிப் படிக்கிறாள். விடுமுறையிலும் அங்கேயே வேலை பார்ப்பதால் இரண்டு வருடமாக வீட்டுக்கு வரவில்லை. வளாகத்தை ஒட்டிய கடற்கரையையும் காட்டுப் பாதையையும் படம் எடுத்து அனுப்புவாள். "அம்மா, ஒரு தடவ வாங்கம்மா. சாயங்காலம் கடல், காலைல காடு."

அக்கா துணைக்கு என்னைக் கூப்பிட்டார்.

"பாஸ்போர்ட் வேணுமா?" என்று லோரி ஓட்டும் லோகனிடம் கேட்டார்.

"சபா என்ன வெளிநாடா? நம்ம நாடுதான்லா. ஐசி கார்டு போதும்க்கா. திரும்பி வரப்ப ஒரு மீனாவது வாங்கிட்டு வாங்க."

நம்ம நாடு என்றதும் அக்கா வேறு யாரையும் கேட்கவில்லை.

கோலாலம்பூர் விமான நிலையத்தில் பயணச்சீட்டைப் பார்த்த பெண், சிவப்பு அட்டையை இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். அவள் முகம் மாறியதை நான் கவனித்தேன். என்னவென்று கேட்டிருக்கலாம். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

கோத்தா கினபாலுவில் இறங்கியதும் குடிநுழைவு முகப்பு; ஒரே நாடானாலும் சபாவுக்குத் தனிச் சோதனை. நான் நீல அட்டையைக் காட்டிக் கடந்துவிட்டேன். அக்காவை நிறுத்தினார்கள். சிவப்பு அட்டைக்காரர் சபாவுக்குள் வரப் பாஸ்போர்ட் வேண்டுமாம்; குடியுரிமை இல்லாத அக்காவுக்கு அது ஏது?

"என் மக வெளிய நிக்கிறா சார். இங்கதான் பொறந்தேன், மலேசியாவுல."

அதிகாரி இளையவர். திட்டவில்லை. "மாஆஃப், ஆன்டி," என்று மலாயில் மன்னிப்புக் கேட்டார். மாலை விமானத்தில் திருப்பி அனுப்ப எழுதினார்.

ஐந்து மணி நேரம் அக்கா உள்ளே ஓர் இரும்பு நாற்காலியில். கிறிஸ்டின் சுவருக்கு வெளியே. இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள்.

"சாப்டியா?"

"சாப்டேம்மா. நீங்க?"

அக்கா மகளுக்கென்று கொண்டுவந்த நெத்திலி சம்பல் டப்பாவைத் தடுப்புக்கு மேலாக என்னிடம் நீட்டினார். "நீ போ. திரும்புற டிக்கெட்டு ஞாயித்துக்கெழமதானே. சம்பலாவது அவ கைக்குப் போவட்டும்."

போனேன். சாயங்காலம் கடல், காலையில் காடு. கிறிஸ்டின் திட்டத்தை மாற்றவில்லை. பாதை முழுக்க ஈரம். என் காலில் அட்டை ஏறியது. அவள் முன்னால் நடந்தாள். மரங்களின் பெயர்களைச் சொன்னாள், அம்மாவுக்கென்று தயார் செய்து வைத்திருந்தவற்றை. திரும்பும்போது, "அடுத்த வருஷம் இங்கேயே வேலை தேடப் போறேன் ஆன்டி. அம்மாகிட்ட இப்பச் சொல்லாதீங்க," என்றாள்.

திங்கட்கிழமை அக்கா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்குத்தான் கேட்டார்.

"தண்ணி எப்படி இருந்திச்சி?"

"நம்ம கிள்ளான் மாதிரிதான்க்கா. கலங்கல்."

"அவ படம் அனுப்பிட்டா. பச்சத் தண்ணி. அதுல நீ நிக்கிற."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா ஒரு கையுறையில் காற்றடைத்து விளக்கருகே பிடித்தார். நானும் ஓரக்கண்ணால் பார்த்தேன். ஓட்டை இல்லாத நல்ல கையுறை. அதைக் கழிவுக் கூடையில் போட்டார்.