முன்பல் இரண்டும் என் அண்ணனும்

துணி துவைக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து மேல்வரிசை முன்பல் இரண்டும் போன நாளிலிருந்து என் வாய் ஊர்ச் சொத்தாகிவிட்டது. ஆளாளுக்குக் கருத்து சொன்னார்கள். பெண்ணாடத்தில் இருக்கும் என் அண்ணன்தான் அவர்களுக்குத் தலைமை. எலும்பிலேயே ஸ்க்ரூ இறக்கி அதன்மேல் பல் கட்டுவார்களாமே, அந்த இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று நான் சொன்னதும் சிரித்தார்.

"புருசனும் போயாச்சு, புள்ளைக்கும் கல்யாணம் ஆயிடுச்சு. இனிமே யாருக்குக் காட்ட?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கடைவாய்ப் பல்லுக்குத் தங்க நிறத்தில் கேப் மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் இளித்தாரே, அது யாருக்குக் காட்டவாம்? நான் கேட்டது ஒரு கொய்யாப்பழத்தைக் கடிக்கவும், வாயைப் பொத்தாமல் சிரிக்கவும்தான். என் சம்பாத்தியம், என் வாய். அதற்குப் பிறகு அவரிடம் மூச்சு விடாமல், எங்கள் விருத்தாசலத்திலேயே ஒரு பல் டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்க்ரூ எலும்போடு பிடிக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒருவழியாகப் பீங்கான் பற்கள் வந்தன. பார்த்ததும் மண்டை சூடாகிவிட்டது. லேசான மஞ்சள்! நான் செராமிக் பட்டறையில் தரம் பிரிக்கிறவள். சூளையில் புகை பட்டு மஞ்சள் பாய்ந்த கப்பை ஒரே பார்வையில் கண்டுபிடித்துக் கழிசல் கூடையில் போடுவதுதான் என் வேலை. என் வாய்க்கே கழிசலா என்று சண்டைக்கு நின்றேன். இது ஒழுங்காக வேகாத சரக்கு, நல்ல வெள்ளையாகக் கொண்டு வாருங்கள் என்று அந்த அம்மாவுக்கே பாடம் எடுத்தேன்.

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கையில் கொடுத்தார்.

"உங்க சொந்தப் பல்லு நெறமே இதுதாங்கம்மா. ஒரு வாரம் போட்டுப் பாருங்க. யாராவது குத்தம் சொன்னா மாத்தித் தரேன்."

யாராவது என்ன, எங்கள் அண்ணன் ஒருத்தர் போதாதா என்று முணுமுணுத்தபடி, தற்காலிகமாக ஒட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அண்ணன் வந்தார். வாங்கண்ணே என்று வாய் நிறையச் சிரித்தேன். முறுக்கும் டீயும் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து நானும் ஒரு முறுக்கைக் கடித்தேன், வேண்டுமென்றே முன்பல்லால். கரும்பு வெட்டுக்கு ஆள் கிடைக்காதது, பேத்தியின் படிப்பு என்று வெகுநேரம் பேசினார். நானும் பேசினேன், சிரித்தேன். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"நான் சொன்னதக் கேட்டு அந்தப் பல்லு வேலைய வுட்ட பாரு, நல்லதாப் போச்சு. பல்லு இல்லாம இருக்கறதுதான் உன் மூஞ்சிக்கு லட்சணமா இருக்குது."

இத்தனை மாதம் என் வாய்க்குத் தீர்ப்பு சொன்ன மனிதர்! வாசலை மறித்து நின்றுகொண்டேன்.

"போறதுக்கு முன்னாடி ஒருதரம் என் மூஞ்சியப் பாத்துட்டுப் போங்கண்ணே."