வாசலில் நின்று அளந்த இன்வெர்ட்டர்

கிட்ட வந்து உட்காருங்க, சத்தமாகச் சொல்லிக்கொள்ளும்படியான கதை இல்லை இது. இன்வெர்ட்டர் விற்கிறவனுக்குப் பாதி வேலை, வீட்டுக்காரர் சொல்கிற பொய்யைக் கண்டுபிடிப்பது. எண்பதுகளில், கல்கத்தாவில் எந்நேரமும் லோட்ஷெடிங் என்று கரண்டை நிறுத்திக்கொண்டிருந்த காலத்தில், கரியாஹாட்டில் ஒரு கடைக்காக வீடு வீடாக ஏறி இறங்கினவன் நான். உங்களில் யாராவது அப்படிப் பொருள் விற்று அசடு வழிந்திருந்தால், மீதியைச் சொல்லாமலே புரியும்.

செருப்புக் கணக்கு

எத்தனை ஃபேன், எத்தனை லைட் என்று கேட்டுத்தான் மெஷினின் அளவைச் சொல்ல வேண்டும். கேட்டால் நிஜம் வராது. சிக்கனக்காரர் பாதியை மறைப்பார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும் என்று நினைக்கிறவர் இல்லாத ஃபேனையும் சேர்த்துச் சொல்வார். நான் படித்தது நாலாம் வகுப்பு; வாட்டைக் கூட்டச் சொன்னால் வியர்த்துவிடும். அதனால் வாசலில் கிடக்கும் செருப்பை எண்ண ஆரம்பித்தேன். மூன்று ஜோடி வரை சின்ன மெஷின், ஆறு வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. என்னோடு வரும் ஃபிட்டர் ஹாருதா முதலில் கேலி செய்தார். நாலைந்து வீட்டில் சரியாக வந்ததும் முதுகில் தட்டினார்: "மனுஷன் பொய் சொல்வான்டா, செருப்பு சொல்லாது!"

பன்னிரண்டு ஜோடி

பாலிகஞ்ச்சில் ஒரு வீட்டு வாசலில் பன்னிரண்டு ஜோடி. உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் பெரிய மெஷினுக்கு ஆர்டர் எழுதச் சொன்னேன். அதற்கு வேண்டிய லாரி பேட்டரி இரண்டும் வந்து இறங்கிப் பாதி வராந்தாவை அடைத்துக்கொண்டன. மறுவாரம் ஒரு ராத்திரி போனால் இரண்டே ஜோடி. வீட்டுக்காரர் ரிடையரான வாத்தியார். அன்றைக்கு நான் எண்ணியதில் மீதியெல்லாம் டியூஷன் பிள்ளைகளின் செருப்பு. தெரிந்த பிறகும் மாற்றித் தருகிறேன் என்று என் வாயில் வரவில்லை. நல்ல மனுஷர், டீ கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளைங்க அஞ்சு மணிக்கே போயிடுவாங்க தம்பி. அப்புறம் நான், என் சம்சாரம், உங்க பேட்டரி ரெண்டு, நாலு பேர்தான்."

ஒரே ஒரு ஜோடி

அதே பக்கம் ஒரு மாடி வீட்டில் சரோஜா என்று ஒரு அம்மா. எங்கள் திருநெல்வேலிப் பக்கம், ஆபீஸ் உத்தியோகம். வாசலில் ஒரே ஒரு ஜோடி. தமிழ் கேட்ட சந்தோஷத்தில், ஏமாற்றாமல் விற்க வேண்டும் என்று சின்னதைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, இதுல சின்ன மோட்டார் ஒண்ணு ஓடுமா?"

"லோட்ஷெடிங்ல சட்னி அரைக்க வேண்டாம்மா! பொடி தொட்டுக்கிட்டாப் போச்சு" என்றேன். அந்தம்மா சிரித்தார்கள். முன்கூடத்தில் ஒரு ஃபேனும் ஒரு லைட்டும் மாட்டிக் கொடுத்துவிட்டு இறங்கினோம்.

மெஷின் கத்திக் கத்தி நின்றுவிடுகிறது என்று பத்து நாளில் ஆள் வந்தது. ஒரு மத்தியானம் போனேன்; அந்தம்மா ஆபீசுக்கு லீவு போட்டிருந்தார்கள். அப்போதும் கரண்ட் இல்லை. உள் அறையிலிருந்து, அடைத்த குழாயில் தண்ணீர் கொப்புளிக்கிற மாதிரி ஒரு சத்தம். அந்தம்மா ஓடினார்கள், பின்னாலேயே நானும் போனேன். கட்டிலில் அந்தம்மாவின் வீட்டுக்காரர். தொண்டையில் துளை, அதில் ஒரு குழாய். சளியை உறிஞ்சி எடுக்கிற மெஷின் பக்கத்தில். முன்கூடத்திலிருந்து வயர் இழுத்து வைத்திருந்தார்கள். ஓடிவந்த அவசரத்தில் அந்தம்மா அதன் ஸ்விட்சைப் போட்டதும் என் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தி அணைந்தது. அவர் முகம் கறுத்துக்கொண்டு வந்தது.

அந்தம்மா பதறவில்லை. ஃபேனை அணைத்தார்கள், லைட்டை அணைத்தார்கள், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, இன்வெர்ட்டரைத் திரும்பப் போட்டு மோட்டாரை மட்டும் கிளப்பினார்கள். பிடித்துக்கொண்டது. சளி வந்தது, மூச்சும் வந்தது.

"ஓடற மோட்டாருக்குக் கொஞ்சம் போதும் அண்ணாச்சி, கிளம்பற மோட்டாருக்குத்தான் மூணு மடங்கு வேணும். மூணு நாள் தவிச்சுக் கண்டுபிடிச்சேன்" என்றார்கள். இத்தனை வீட்டுக்கு விற்றவன் நான், எனக்கு அது தெரியாது.

"முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்று முனகினேன்.

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீங்க சட்னின்னீங்க."

மாற்றிக் கொடுத்த நாள்

முதலாளியிடம் தப்பு என்னுடையதுதான் என்று ஒத்துக்கொண்டு, மறுநாள் காலையிலேயே ஹாருதாவோடு பெரிய மெஷினைத் தூக்கி ஏற்றினேன். அந்தம்மா மெயினை அணைத்துவிட்டு, ஃபேன், லைட், மோட்டார் மூன்றையும் ஒன்றாகப் போட்டார்கள். மெஷின் முனகாமல் தாங்கியது. ஹாருதா பழைய பேட்டரியோடு கீழே இறங்கினார். நானும் நழுவப் பார்த்தேன்.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிய இன்வெர்ட்டர் வேண்டும் என்று இத்தனை வருஷம் தொழில் செய்தவனுக்கு அந்தம்மா வாயைத் திறந்து பாடம் எடுக்கவில்லை, நாற்காலியை மட்டும் வீட்டுக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, வாசலோடு அளந்துவிட்டுப் போகிற என்னிடம் "உட்காருங்க" என்று சொல்லி, எங்கள் இரண்டு பேரையும் தனியாக விட்டுவிட்டுக் காப்பி போடப் போய்விட்டார்கள்.