என் கணவர் குழைத்த மருதாணி

எங்கள் வீட்டில் மருதாணி குழைப்பது என் கணவர். அவராக விரும்பி ஏற்ற வேலை இல்லை. அவருடைய அக்கா வாயைத் திறந்ததால் வந்தது.

ஒரு தீபாவளிக்கு முதல் நாள் லிட்டில் இந்தியாவில், நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் இரண்டு கைக்கும் மருதாணி போட்டுக்கொண்டு தெம்பனிஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வந்ததும் முறுக்கு மாவு பிசைய வேண்டியிருந்தது. காய்ந்தும் காயாமலும் இருந்ததைக் கழுவிவிட்டேன். மறுநாள் கையில் மிஞ்சியது கேரட் ஜூஸ் சிந்தியது போல ஒரு நிறம்தான்.

விருந்து காத்தோங்கில், நாத்தனார் வீட்டில். அவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இப்படி வெளுத்துக் கெடக்கு? நல்லா செவந்தாத்தான் புருஷனுக்குப் பிரியம்னு சொல்வாங்க. டேய் தம்பி, உன் பிரியம் இவ்வளவுதானா?"

எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கி நடக்கையில், "அது கெமிஸ்ட்ரி. பிரியத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல," என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலியே," என்றேன்.

அவருக்கு ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் பெயிண்டின் தரம் பார்க்கும் வேலை. பூசியது உரியுமா, வெளுக்குமா என்று சோதித்துச் சொல்பவர். அவர் மனைவி கையிலேயே சாயம் வெளுத்தால் மனுஷனுக்குப் பொறுக்குமா?

நாத்தனார் மகளின் கல்யாணம் வந்தது. "கடையில விக்கிற மருதாணிக் கோன் வேணாம். அதுல என்ன கலக்குறாங்கன்னே தெரியல. நானே செய்றேன்," என்று என் கணவர் கிளம்பி, மருதாணிப் பொடி வாங்கி வந்தார். என் நல்ல துப்பட்டா ஒன்றில் அதைச் சலித்தார். சலித்த பிறகுதான் எனக்குத் தெரியும். எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்து, சர்க்கரையும் கிராம்புத் தைலமும் சேர்த்து, மூடி ஊறவைத்தார். மேல்பக்கம் கருத்தால் சாயம் இறங்கிவிட்டது என்று அர்த்தமாம். அதற்காக எத்தனை தடவை மூடியைத் திறந்து பார்த்தார்! எங்கள் மகள் காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட இப்படி எட்டிப் பார்த்ததில்லை.

நிறம் ஏற அவகாசம் வேண்டுமென்று கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே போட்டோம். இடது கைக்கு நானே போட்டுக்கொண்டேன். வலது கைக்கு அவர்தான் போட வேண்டியிருந்தது. மாங்காய் போடச் சொன்னேன். முந்திரிக்கொட்டை வந்தது.

அதற்குப் பிறகு நான் மகாராணி. "தண்ணி தொடாத, எதையும் பிடிக்காத," என்று உத்தரவு. சோறு வைத்து, டின் சார்டின் மீனில் மிளகாய் அரைத்துப் போட்டுச் சம்பல் செய்து, அவரே ஊட்டினார். காய்ந்த மருதாணி உதிராமலிருக்க எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை கரைத்துப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார்.

"மூக்கு அரிக்குதுங்க."

"எந்தப் பக்கம்?"

ஒன்றிரண்டு தடவை உண்மையிலேயே அரித்தது. மீதியெல்லாம் அவர் அப்படி அக்கறையாகக் கேட்பதற்காக.

கல்யாணத்தன்று கை காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. மண்டபத்துக்குள் நுழைந்ததுமே என்னை நேராக அக்காவிடம் கூட்டிப்போனார்.

"அக்கா, இவ கையப் பாரு."

நாத்தனார் பார்த்தார். "அடேயப்பா!" என்றார். அப்புறம் அவர் கண் தம்பியின் கைக்குப் போனது.

"உன் விரல் என்னடா இப்படி இருக்கு?"

"கோன்ல அடைக்கும்போது பட்டுடுச்சு. க்ளவ்ஸ் போடல."

நாத்தனார் இருவர் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என் கணவரின் விரல் நுனிகள் என் கையைவிடக் கருத்திருந்தன.

"அப்ப இவதான் உன்மேல உயிரா இருக்கா. நீ இன்னும் கொஞ்சம் ட்ரை பண்ணணும் லா!"

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் மணமகளே திரும்பிப் பார்த்தாள். என் கணவர் சாப்பாட்டுப் பந்திவரை கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வேலையிடத்தில் கேன்டீன் ஆன்ட்டி அந்த விரல்களைப் பார்த்து டாக்டரிடம் போகச் சொன்னாராம். தோலில் இருந்தது சீக்கிரம் போய்விட்டது. நகத்தில் இருந்தது வளர்ந்து வெட்டுப்பட மாதக்கணக்கானது.

அடுத்த தீபாவளிக்கு நாத்தனாரே போன் செய்தார். "தம்பி, எனக்கும் கொஞ்சம் கொழைச்சு எடுத்துட்டு வாடா."

கோன்களை ஐஸ் பையில் வைத்து, ஏதோ மருந்து கொண்டு போவது போலக் காத்தோங் கொண்டு போனார். நாத்தனாரின் இரண்டு கையும் நிறைந்திருந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. இவர்தான் எடுத்து அக்காவின் காதில் பிடித்தார்.

"இல்லம்மா, கடையில போடல," என்று நாத்தனார் அந்தப் பக்கத்தில் யாரிடமோ சொன்னார். "என் தம்பி செய்றது. காசு குடுத்தாலும் வெளியில கெடைக்காது லா."

என் கணவர் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். போனை மட்டும் இன்னும் கொஞ்சம் நெருக்கிப் பிடித்தார்.