முனை தொங்கும் பாவாடை

செல்வலட்சுமி அதிகம் பேசமாட்டாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். எட்டாவதோடு படிப்பை விட்டு, சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு அம்மாவுடன் போனவள். அங்கே நடந்த வெடிவிபத்தில் அம்மா போன பிறகு தையல் மெஷினோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

மகள் ரோஜா ஏழாம் வகுப்பு. மறுநாள் ஆண்டு விழா ஆட்டத்துக்குச் சிவப்பில் ஒரு பாவாடை வேண்டும் என்று டீச்சர் போனில் படம் அனுப்பியிருந்தார். கைக்குட்டையை நடுவில் பிடித்துத் தூக்கினால் நான்கு மூலையும் தொங்குமே, அந்த மாதிரி. வெட்ட அளவுத்தாள் எதுவும் கிடையாது. செல்வலட்சுமி படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். ரோஜாவின் இடுப்பை நூலால் சுற்றி, அந்த நூலை ஆறாக மடித்தாள். சதுரத் துணியை நாலாக மடித்து, துணியின் நடு வந்து சேர்ந்த மூலையில் மடித்த நூலின் ஒரு நுனியை அழுத்திக்கொண்டு, மறுநுனியோடு சாக்கட்டியை வளைத்தாள். வெட்டி விரித்ததும் இடுப்பு வட்டம் சரியாக விழுந்தது. ஓரம் மடித்துத் தைத்துக் கொடியில் மாட்டிவிட்டு எலாஸ்டிக் வாங்கக் கடைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது பாவாடை சுற்றிலும் ஒரே மட்டமாக இருந்தது. நான்கு முனைகளும் தரையில் கிடந்தன. கத்திரியோடு உட்கார்ந்திருந்தவள் கணவனின் தங்கை தங்கத்தாய். அவர்களோடு அதே வீட்டில் இருப்பவள். அப்போதுதான் பட்டாசு வேலை முடிந்து வந்திருந்தாள். கம்பெனி வாசலில் தினமும் முந்தானையைச் செருகு, துப்பட்டாவை முடி என்று காவலாளி அதட்டி அதட்டி, எது தொங்கினாலும் அவள் கை தானாகப் போகும். ரோஜா கதவோரம் அழுதுகொண்டு நின்றாள்.

“பிள்ளை நல்லதுக்குத்தான் மதினி. ஒங்க அம்மா முந்தானை தொங்கி வெடிமருந்துல உரசித்தானே அம்புட்டுப் பேரும் போனாக?”

செல்வலட்சுமிக்கு உடம்பெல்லாம் காந்தியது. பதினாறு வருடமாக ஊரே சொல்வது இது. கம்பெனிக்காரர்கள் சொல்ல, விசாரிக்க வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனது. அவர்கள் முன்னால் வாயே திறக்காமல் நின்றவள் அவள்தான்.

“எங்கம்மா முந்தானை இடுப்புல செருகியிருந்துச்சு. பக்கத்து ரூம்ல இருந்து நான் பார்த்தேன்.” தரையில் கிடந்த ஒரு முனையை எடுத்துக் கையில் சுருட்டினாள். “நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்ல பதினோரு பேரு. வெயில்ல காஞ்ச மருந்தை ஆறவிடாம உள்ள அள்ளிட்டு வரச் சொன்னான் போர்மேன். சீசன் ஆர்டராம். செத்தவ எந்திரிச்சு வந்தா பேசப்போறான்னு பழிய அவ சேலையில போட்டாக. நானும் பேசல. இனி ஒருத்தரும் எங்கம்மா சேலையச் சொல்லக் கூடாது. நீயும் சொல்லாத.”

தங்கத்தாய் கத்திரியைக் கீழே வைத்தாள். இன்றைக்குக் கம்பெனியில் தன்னோடு ஒரே ரூமில் இருந்தவர்களின் பெயர்களை விரல் விட்டு எண்ணினாள். ஒன்பது வந்தது. எழுந்துபோய், தீபாவளிக்குக் கம்பெனி கொடுத்த சிவப்புப் பருத்திச் சேலையை மடிப்புக் கலையாமல் எடுத்துவந்து தரையில் விரித்தாள்.

செல்வலட்சுமி அதில் சதுரம் வெட்டினாள். ஆத்திரம் அடங்கவில்லை, கத்திரி கறுக் கறுக்கென்று போயிற்று. சேலையின் அகலம் முதல் துணியைவிட அதிகம். முனைகள் இன்னும் கீழே, கணுக்கால் வரை தொங்கும். தொங்கட்டும் என்றே வெட்டினாள்.